சீழ்க்கை வாணம்

வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போனால்தான் தொடங்குவார்கள், இருட்டுவதற்கு முதல் வாணம் விட்டால் வீண் என்று இந்த ஊர்ச் சனத்துக்குத் தெரியும், ஆனாலும் பொறுமை கெட்ட ஒருத்தன் எங்கேயோ ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டான். டப். சுகிர்தாவின் கையிலிருந்த கரண்டி குசினித் தரையில் விழுந்து துள்ளி அடுப்புக்குக் கீழே போனது. குனிந்து எடுக்கவில்லை. முதலில் பிள்ளையைப் பார்த்தாள். ஆரபி நிலத்தில் விரித்த துணியில் இருந்தபடி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தவள், இப்போது கடிப்பதை விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் பார்த்தாள். பார்த்தாள்தான். ஆனால் கரண்டி விழுந்ததைக் கண்டு பார்த்தாளா, கேட்டுப் பார்த்தாளா? கரண்டி மினுங்கும், மினுங்குகிற எதையும் பிள்ளை பார்க்கும். அதற்கு முதல் கேட்ட வெடிக்குத் திரும்பினாளா? அந்த நேரம் பிள்ளையைப் பார்க்கவில்லையே, தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டல்லவா நின்றாள். எப்போதும் இப்படித்தான். சத்தம் வருகிற நேரத்தில் அவளுக்குத் தன்னைப் பார்க்கவே நேரம் போய்விடுகிறது, பிள்ளையைப் பார்க்கும்போது சத்தம் முடிந்துவிடுகிறது. கிண்ணம் திரும்ப வாய்க்குப் போனது. வீணீர் நாடியில் வழிந்தது. ஆரபி என்று கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதுவும் ஒரு கணக்கில் சேர்ந்துவிடும், இந்த மூன்று கிழமையாக அவள் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே குறைந்துபோயிற்று, செல்லம், குஞ்சு, இஞ்ச பாருங்கோ என்று முகத்துக்கு நேரே போய் நின்றுகொண்டுதான் கதைக்கிறாள்.

பேர் வைத்தவன் ரூபன். ஜெயரூபன் என்பது முழுப் பேர், வேலை செய்கிற முதியோர் இல்லக் குசினியில் அவனை ரூபி என்று கூப்பிடுகிறார்கள், பொம்பிளைப் பேர் என்று அவர்களுக்கும் தெரியும், அவனும் சிரிப்பான். பாட்டுப் படித்தவன் இல்லை, ஆனால் சின்ன வயதில் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கோஷ்டிக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்தவன், மகள் பிறந்தவுடன் ராகத்தின் பேர்தான் என்று பிடிவாதமாக நின்றான். கேட்டவுடன் எழும்பி நடக்க வேண்டும் போல இருக்கிற ராகமப்பா அது என்றான். அப்போது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள், கழுத்து விறைத்துப் பிள்ளை வில்லுப் போல வளைந்தபோதுதான் அம்புலன்சுக்கு அடித்தார்கள். மூளைக்காய்ச்சல். ஆசுப்பத்திரியில் நல்ல கவனிப்பு, பிழைத்தது பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் எத்தனை தரம் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் டொக்டர் பெண் இன்னொன்றும் சொன்னாள். சில பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போகும், பார்த்துவிட வேண்டும். தலையில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், பாதியில் ஆரபி முழித்துக் கத்திவிட்டாள், மூக்கடைப்பும் தடிமனும் இருந்தது, ஒன்றும் தெளிவாகச் சொல்ல முடியாது, அடுத்த தரம் நித்திரையாக்கிவிட்டுச் செய்வோம் என்று நாள் கொடுத்தார்கள். அந்த நாள் இந்த லீவு முடிந்து வருகிறது. அதுவரைக்கும் வீட்டில் கை தட்டிப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னாள் அந்தப் பெண், பிள்ளைகள் கெட்டிக்காரர், காற்றை உணருவார்கள், நிழலைக் காண்பார்கள், நீங்களும் வீணாகக் குழம்பிப் போவீர்கள். தட்டாமல் இருந்தார்களா? ஒரு நாள் விடியப்புறம் தண்ணீர் குடிக்க எழும்பியவள் தொட்டிலுக்குப் பின்னால் ரூபன் முழங்காலில் நின்று இரண்டு தேக்கரண்டிகளைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டாள். அவளைக் கண்டதும் கரண்டிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டான். முதல் நாள் பின்னேரம் அதே இடத்தில் சட்டி மூடியோடு நின்றவள் அவள்தானே.

செவிட்டுத் தாய்க்குச் செவிட்டுப் பிள்ளை. இந்த நினைப்பு ஒரு நுளம்பைப் போல, அடித்தாலும் திரும்ப வந்து அதே இடத்தில் இருந்துவிடுகிறது. அது மூட நினைப்பு, பிள்ளையின் காதுக்கு வந்தது காய்ச்சலால், தன் காதுக்கு வந்தது சண்டையில் விழுந்து வெடித்த செல்லால், இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு போகிற விஷயம் இல்லை, இதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். ஆனாலும் இடது காது அன்றைக்குப் போனது போனதுதான், உள்ளே எப்போதும் கடல் இரைந்துகொண்டிருக்கிறது, வலது காது மட்டும் வேலை செய்கிறது. ஒற்றைக் காதுக்காரருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. மற்றவர்கள் அறியாத கரைச்சல் அது. தெருவில் யாராவது கூப்பிட்டால் அவள் நின்று சுற்றிவரப் பார்ப்பாள், டெலிபோன் அடித்தால் வீடு முழுக்கத் தேடுவாள், கதிரையில் இருக்கும்போதும் இடப்பக்கம் சுவராகப் பார்த்துத்தான் இருப்பாள். அதனால்தான் வெடிச் சத்தம் அவளுக்கு வேறு. ரூபன் சொல்வான், அது ஏரிப் பக்கமப்பா, அல்லது கோட்டைப் பக்கம், தூரம். அவளுக்கு ஏரியும் இல்லை, கோட்டையும் இல்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரேயடியாக அவள் மேல்தான் வந்து விழுகிறது.

தூண் என்பது ஊரின் பேர். முதல் முதல் கேட்டபோது, நல்ல பேர், பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று நினைத்தாள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் மாதம் பிறந்தது. முதலாம் திகதி இந்த நாட்டின் பிறந்தநாள் என்பதையும், அன்றைக்குப் பொழுதுபட்டால் நாடு முழுக்க வெடி கொளுத்தும் என்பதையும் சொல்லி வைக்க ரூபன் மறந்துபோனான். பின்னேர வேலையிலிருந்து அவன் வந்து பார்த்தபோது அவள் மேசைக்குக் கீழே, நிலத்தோடு நிலமாக, வாயைத் திறந்தபடி கிடந்தாள். வாயைத் திறந்து வைத்தால் காதுச் சவ்வு தப்பும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது. அவன் தானும் மேசைக்குக் கீழே வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டான். கலியாணம் கட்டியும் அதுவரை அந்நியனாக இருந்தவன் அன்றைக்குத்தான் புருஷன் ஆனான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அடுத்த வருஷம் அவனே வழி கண்டுபிடித்தான். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நிலத்துக்குக் கீழே பங்கர் இருக்கிறது, சட்டமாம், ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு, காற்று வர இயந்திரம், எல்லாம் அணுகுண்டுக்கே தாங்கும். இருநூறு வருஷமாக ஒரு குண்டும் ஒழுங்காக விழாத நாடு இப்படிக் கட்டி வைத்திருக்கிறது, குண்டு மழையாகக் கொட்டிய இடத்தில் அம்மா சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து, மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கினாள். சிரிப்பதா அழுவதா? இங்கே பங்கருக்குள் உருளைக்கிழங்கும், பனிச்சறுக்குக் கட்டைகளும், உடைந்த தொட்டில்களும் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் முதலாம் திகதி பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் தேத்தண்ணிப் போத்தலோடு கீழே போய், கீழ்வீட்டு மோசரின் உருளைக்கிழங்குப் பெட்டி மேல் இருந்துகொண்டு கடுதாசிக்கட்டு விளையாடுவார்கள். மோசருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ. லீவு நாளில் உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று இரண்டு தரம் படியேறி வந்து சொன்ன மனுசன். பேரே மோசர், ஆள் எப்படி இருப்பார் என்பான் ரூபன்.

"கீழ எல்லாம் வைச்சிட்டன்," என்று ரூபன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கையில் இல்லத்துக் குசினியில் கொடுத்த பணிஸ் இரண்டு, மேலே சிலுவை போல வெட்டிச் சுட்டது, ஒவ்வொன்றிலும் பல்லுக்குத்தியில் ஒட்டிய சின்னச் சிவப்புக் கொடி. "தலையணை வைச்சிருக்கிறன், பிள்ளைக்குப் போர்வை, தண்ணி. வாரும், இருட்டுது." அவள் அசையவில்லை. சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தாள். "நான் இண்டைக்கு வரேல்ல," என்றாள். அவன் பணிஸ் தட்டை மேசையில் வைத்தான். "ஏன்?" "கீழ போனா ஒண்டும் கேக்காது." "அதுக்குத்தானே போறம்." "பிள்ளைக்கும் கேக்காது," என்றாள். ரூபன் கொடியொன்றைப் பிடுங்கி, விரலுக்கிடையில் உருட்டி, திரும்பக் குத்தினான். அவனுக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. "உமக்குத் தாங்குமே?" என்று கேட்டான். "தெரியாது." "நான் பிள்ளையோட நிக்கிறன். நீர் கீழ போம்." "இல்லை, நான் பாக்க வேணும்." "பாத்து, ஒண்டும் இல்லையெண்டா?" அவன் ஒன்றும் இல்லையென்றால் என்று சொன்னது எதை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "இல்லையெண்டா இல்லைத்தான்," என்றாள், அப்படிச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏனென்றால் அவளுக்கும் கீழே போக ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கொங்கிறீட் கதவு சாத்தும்போது வரும் மெத்தென்ற சத்தம், அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு மணம், குளிர்ச்சி, ஒன்றும் தெரியாத நிம்மதி. கீழே போனால் இன்றைக்கு இரவும் தெரியாமலே கழியும், டெஸ்ட் வரும்வரை மகள் கேட்கிற பிள்ளையாகவும் இருப்பாள், கேட்காத பிள்ளையாகவும் இருப்பாள், எது வேண்டுமோ அதை நினைத்துக்கொள்ளலாம். மேலே இருந்தால் ஊரே வெடிக்கும், அந்த வெடிக்கும் பிள்ளை திரும்பாவிட்டால் பிறகு நினைத்துக்கொள்ள என்ன மிச்சம்? பெற்ற தாய் எவளாவது தன் பிள்ளை பயந்து அலற வேண்டுமென்று நேர்வாளா? அவள் நேர்ந்தாள். சுவரில் படமாக இருந்த பிள்ளையாரிடம், என்ரை பிள்ளை பயப்பட வேணும், துள்ளி விழ வேணும், வீறிட வேணும், எனக்கு வந்த பயமெல்லாம் வந்தாலும் பரவாயில்லை என்று நேர்ந்தாள். நேர்ந்த கையோடு வெட்கம் வந்தது. வீதியில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள், கடதாசிக் கூடுகளுக்குள் மெழுகுதிரி வைத்துக்கொண்டு, தடியில் தொங்கவிட்டுக்கொண்டு, தாயும் தகப்பனும் பிள்ளைகளும். நல்ல சனம். மூன்று பேர் ஒரு புல்வெளியில் கைதூக்கிச் சத்தியம் பண்ணியதால் இந்த நாடு பிறந்ததாம், குடியுரிமைச் சோதனைக்காக ரூபன் பாடமாக்கினான். அவர்கள் கொண்டாடட்டும். சோறு போடுகிற நாடு, பிள்ளையைச் சாவிலிருந்து இழுத்துத் தந்த நாடு, அதன் பிறந்தநாளுக்கு மனம் நிறைய வாழ்த்த வேண்டும் என்று அவளுக்கு உண்மையாகவே விருப்பம், ஒவ்வொரு வருஷமும் விரும்பிப் பார்க்கிறாள், முதல் வெடியோடு விருப்பம் எங்கேயோ ஓடி ஒளித்துவிடுகிறது. அவளுக்கு இதற்கு முதல் தெரிந்த நாட்டுக் கொண்டாட்டம் ஒன்றே ஒன்றுதான். சண்டை முடிந்து முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஒரு மத்தியானம். கம்பிவேலிக்கு அங்கால் சீனவெடி கொளுத்தினார்கள், வென்ற சந்தோஷத்துக்கு. அந்தச் சத்தத்தோடு வரிசையில் நின்ற அத்தனை சனமும், கிழவர் குமர் குஞ்சு குருமான் எல்லாம், வாளிகளை விட்டுவிட்டு நிலத்தில் விழுந்தது. பிறகு ஒவ்வொருவராக எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த மண்ணைத் தட்டுகிற சத்தம்தான் அவளுக்கு வெடியைவிட நினைவில் நிற்கிறது. சத்தத்தை இப்படி விளையாட்டாக்க ஒரு நாடு எவ்வளவு காலம் சண்டையில்லாமல் இருக்க வேண்டும்?

இருட்டிவிட்டது. படுக்கையறை யன்னலினதும் பல்கனிக் கதவினதும் வெளிமறைப்புகளை ரூபன் அடிவரைக்கும் இறக்கினான், வெளிச்சத்தைக் கண்டு பிள்ளை திரும்பிவிட்டால் பிறகு எப்படி நம்புவது. லயிட்டை மங்கலாக வைத்தான். அவள் கட்டிலில் இருந்தபடி ஆரபியை மடியில் வைத்துக்கொண்டாள், முகம் தன் பக்கம், முதுகு யன்னல் பக்கம். பிள்ளை அவளுடைய சங்கிலியைப் பிடித்து வாய்க்குள் போட்டது. தலைமயிரில் வியர்வையும் பாலும் கலந்த மணம். ஆசுப்பத்திரியில் ஊசி ஏற்ற மழித்த இடத்தில் மயிர் புசுபுசுவென்று வளர்ந்திருந்தது. இப்ப, இப்ப என்று காத்திருக்கும்போது ஒன்றும் வரவில்லை, கடல் இடது காதுக்குள் இரைந்தது, காத்திருப்பதுதான் அங்கே சண்டைக்குள்ளும் கூடாதது, விழுந்த செல்லைவிட விழப்போகிற செல்தான் கொடியது. அப்போது வந்தது. வீட்டுக்கு மேலேயே வெடித்தது போல, கட்டில் சட்டம் அதிர, ஒன்று. கண்ணை இறுக மூடியவள் திறந்தபோது கண்டது தன் இரண்டு கைகளையும்தான். இரண்டு உள்ளங்கைகளும் பிள்ளையின் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தன. யார் சொல்லிக் கொடுத்தது இந்தக் கைகளுக்கு? ஆரபி சங்கிலியைச் சப்பிக்கொண்டு அமைதியாக அவளைப் பார்த்தாள். "என்னப்பா செய்யிறீர்!" என்றான் ரூபன். அம்மா. அம்மாவும் இப்படித்தான், பங்கரின் வாசலில், ஒரு கையில் தம்பி, மற்றக் கையால் அவளை இழுத்து நெஞ்சோடு அமத்தினாள், வலது காது அம்மாவின் நெஞ்சுக்குள் போனது, இடது காதைப் பொத்த அம்மாவிடம் இன்னொரு கை இல்லை. இத்தனை வருஷமாக இடது காது போனது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வலது காது எப்படித் தப்பியது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நீங்கள் பிடியுங்கோ," என்று பிள்ளையை நீட்டினாள். "என்ரை கை சொல்வழி கேக்காது." ரூபன் வாங்கித் தோளில் போடாமல், நெஞ்சுக்கு முன்னால், சுவரைப் பார்க்க வைத்துப் பிடித்தான். அவள் அவனுக்கு எதிரே நிலத்தில் இருந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் ஏறி இருந்தாள். அடுத்தது வந்தது. முதுகெலும்பு வழியாக மேலே ஏறியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடாமல், மூடாதே மூடாதே என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டு பார்த்தாள். ஆரபியின் இரண்டு கைகளும் விசிறி போல விரிந்தன. கண் பெருத்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது, பிதுங்கி நடுங்கியது, பிறகு மூச்சை உள்ளே இழுத்து வீடே அதிர வீறிட்டாள். "கேட்டிட்டுது!" என்று சுகிர்தா கத்தினாள். "கேட்டிட்டுது, ரூபன், கேட்டிட்டுது!" ஒரு நாளும் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரூபன் பிள்ளையை அணைத்துக்கொண்டான், ஆனால் சிரிக்கவில்லை. அவனுடைய முகம் பூட்டிய கடை மாதிரி இருந்தது. "அதிர்வாயும் இருக்கலாமப்பா," என்றான் மெதுவாக. "கண்ணாடியே அதிர்ந்தது. செவிட்டுப் பிள்ளையும் அதுக்குத் துள்ளும். எங்கையோ வாசிச்சனான்." அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பாள். ஒரு நிமிஷம், ஒரேயொரு நிமிஷம் சந்தோஷப்பட விட மாட்டானா? ஆனால் அவன் பிள்ளையின் உச்சியில் வாயை வைத்துக்கொண்டு கண்ணை வேறெங்கோ வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கியது. நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை அவன், நம்பிவிட்டுப் பிறகு இழக்கப் பயப்படுகிறான். அதே நேரம் கீழே, மோசரின் தோட்டத்துப் பக்கத்தில், வெடிக்காமல், அதிராமல், மெல்லிய கம்பியை இழுத்தது போல ஒன்று ஊய்ய்ய் என்று சீழ்க்கை அடித்துக்கொண்டு மேலே போனது. ஆரபி அழுகையை நிறுத்தினாள். கண்ணீரோடு தலையைத் திருப்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பாத்தனீரோ?" என்றான் ரூபன். "நான் பாத்தன். நீங்கள் பாத்தனீங்களோ?" "திரும்பினவள்தான். ஆனா அழுகை முடிஞ்சு சும்மா திரும்பினாளோ..." "பொறுங்கோ," என்று அவள் எழும்பினாள். கால் இரண்டும் விறைத்துப்போய் இருந்தன.

வெளிமறைப்பை உயர்த்திப் பல்கனிக் கதவைத் திறந்தபோது வானம் முழுக்கப் புகையும் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. ஆகஸ்ட் முதலாம் திகதி வானத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தரம் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டி, "ஹேர் மோசர்!" என்று கூப்பிட்டாள். புல்தரையில் தனியாக நின்ற கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் நீளமான தீக்குச்சி, காலடியில் ஒரு கடதாசிப் பை. முறைப்பாடு சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவசரமாகக் கையை ஆட்டினார். மன்னிக்க வேண்டும், பிள்ளை பயந்துவிட்டதா, அழுத சத்தம் கேட்டது, மிச்சத்தைக் கொளுத்தவில்லை, வைத்துவிடுகிறேன் என்று தன் ஊர் ஜெர்மனில் சொன்னார். "இல்லை, இல்லை!" என்று அவள் தமிழில் கத்தி, பிறகு ஜெர்மனைத் தேடினாள். இன்னொருக்கா என்பதற்குச் சொல் தெரியும், தயவுசெய்து என்பதற்கும் தெரியும். "நொக் ஐன்மால்! பிட்டே, நொக் ஐன்மால்!" கிழவர் விளங்காமல் பையிலிருந்து தடித்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது வெடிக்கிறது. "அது இல்லை! மற்றது!" சீழ்க்கைக்கு ஜெர்மனில் என்ன? பழகிய சொல்லெல்லாம் கடைச் சொல்லும் ஆசுப்பத்திரிச் சொல்லும்தான், இது எந்த வகுப்பிலும் வரவில்லை. கடைசியில் அவள் உதட்டைக் குவித்து, மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்று, வயசுக்கு வந்த நாளிலிருந்து அடிக்காத சீழ்க்கையை அடித்தாள். காற்றும் எச்சிலுமாகத்தான் வந்தது. மோசர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, தானும் ஒரு சீழ்க்கை அடித்துக் காட்டி, பைக்குள் கை விட்டார். ஒன்று மிச்சம் இருந்தது.

அவள் உள்ளே ஓடினாள். "சுவரைப் பாக்க வையுங்கோ. நான் இந்தப் பக்கம் நிக்கிறன். நீங்கள் அசையாதேங்கோ." கதவு திறந்திருந்தது, குளிர்காற்றும் வெடிமருந்து மணமும் வந்தன, அந்த மணம் தொண்டைக்குள் போன இடத்தில் பழையதெல்லாம் எழும்பப் பார்த்தது, பிறகு வா, இப்ப நேரமில்லை என்று அதைத் தள்ளினாள். தன் வாழ்க்கையில் அதைத் தள்ள முடியுமென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆரபி தகப்பனின் சட்டைக்கைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மேலே யாருடையதோ ஒரு பெரிய வெடி, துள்ளினாள், உதட்டைப் பிதுக்கினாள், அழவில்லை. பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதிக்குள் கீழேயிருந்து, முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஊய்ய்ய். ஆரபியின் கை பொத்தானில் நின்றது. தலை திரும்பியது. தாய் நின்ற பக்கம் இல்லை, லயிட் இருந்த பக்கம் இல்லை, தகப்பனின் கைக்கு மேலாக எட்டி, திறந்த கதவைப் பார்த்து, அதற்குக் கீழே, சரியாகக் கீழே பார்த்தாள். சத்தம் மேலே ஏற, பார்வையும் மேலே ஏறியது. சுகிர்தாவுக்கு அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லாப் பக்கத்திலும் இருந்தது. மகளின் முகம் திரும்பிய பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே, இருட்டில், ஒரு சின்ன வெள்ளை நூல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஆரபி," என்றாள் பின்னாலிருந்து. சத்தமாகக்கூட இல்லை. வாணத்தைப் பார்த்த முகம் அரைவாசி திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, இதைவிட வாணம் பரவாயில்லை என்பது போலத் திரும்ப அங்கேயே போனது. ரூபன் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டான். மூக்கை உறிஞ்சினான். தடிமன்காரன் மாதிரி உறிஞ்சிக்கொண்டே இருந்தான். "டெஸ்ட் எண்டாலும் செய்யத்தான் வேணும்," என்றான் பிறகு. "ஓம், செய்வம்." "ஒரு காதில கொஞ்சம் குறைவாக் கிடக்கெண்டு சொன்னாலும் சொல்லுவினம்." "சொல்லட்டுமே. எனக்கில்லையா? நான் என்ன குறைஞ்சே போனன்?" சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. ரூபன் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பு அழுகைக்குள் போய் வெளியே வந்தது. கீழே மோசர் ஏதோ கேட்டார், நல்லாய் இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். ரூபன் பல்கனிக்குப் போய், டாங்கே, டாங்கே என்று நிறுத்தாமல் சொன்னான். கிழவர் என்ன நினைத்தாரோ, ஒரு சீழ்க்கை வாணத்துக்கு இவ்வளவு நன்றியா என்று.

ஏரிப் பக்கத்தில் ஊரின் பெரிய வாணவேடிக்கை தொடங்கியது. இதுவரை கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல, தொடர்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம் போகவில்லை, இன்றைக்கு ஒரு நல்லது நடந்துவிட்டதென்று பயத்துக்குத் தெரிந்துவிடவா போகிறது? "இப்பவெண்டாலும் கீழ போவமே?" என்று கேட்டான் ரூபன், அவளுடைய கையைப் பார்த்து. "இனி என்னத்துக்கு இருந்து கஷ்டப்படுறீர்?" போகலாம்தான். அறிய வேண்டியதை அறிந்தாயிற்று, வெட்கமும் இல்லை. அவள் யோசித்தாள். ஆரபி கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளை நோக்கிக் கையை நீட்டிச் சிணுங்கினாள். "பிள்ளைக்குப் பசிக்குது," என்றாள். "குடுத்திட்டுப் பாப்பம். நீங்கள் அந்தப் பணிஸைச் சாப்பிடுங்கோ." அவன் கதவைச் சாத்தப் போனான். "கொஞ்சம் திறந்திருக்கட்டும்," என்றாள். சுவரோரமாக நிலத்தில் இருந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, பிள்ளையை மடியில் ஏந்தினாள். ஆரபி முகத்தைப் புதைத்துக் குடிக்கத் தொடங்கினாள், ஒரு கை வெளியே நீண்டு அவளுடைய நாடியைத் தடவியது. வெடித்தது. சுகிர்தா துள்ளினாள். மடியில் பிள்ளையின் வாய் நின்றது. நின்று, கேட்டு, பிறகு திரும்பக் குடித்தது. அடுத்தது வெடித்தது. போதும், முடிந்துவிட வேண்டும், என்று அவளுடைய உடம்பு கெஞ்சியது. இன்னும் ஒன்று, என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். வெடித்தது. வாய் நின்றது. குடித்தது.